சம்மட்டியும் இரண்டு விமானங்களும்

பஸ் டிப்போவில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒரே குத்தில் வந்தது. மேஸ்திரி அவன் அம்மாவை இழுத்து வைத்துத் திட்டினார். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. பிறகு வெறுங்கையால் குத்தினான். மேஸ்திரி டயர் அடுக்கின் மேல் மல்லாந்து விழுந்தார். முன்பற்கள் தெறித்து, பழைய எண்ணெய் பிடித்து வைத்திருந்த தட்டுக்குள் போய் முங்கின. "கையா அது? சம்மட்டிடா!" என்று யாரோ சொன்னார்கள். வேலை அன்றைக்கே போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அடி என்பது அவனுக்கு வீட்டிலேயே பழகிய விஷயம். அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இடுப்பு பெல்ட்டைத்தான் கழற்றுவார். அது யார் முதுகில் விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். சம்மட்டிக்கு மீசை அரும்பிய வயதில் ஒரு நாள் பெல்ட் அவன் தங்கையின் பக்கம் திரும்பியது. அவன் அதை நடுவழியில் பிடித்துக்கொண்டான். அன்று அவன் திருப்பிக் கொடுத்ததில் அப்பாவுக்கு ஒரு காது செவிடாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பேசவும் இல்லை. தங்கை மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, "கை வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள்.

அந்தத் தங்கைதான் பின்னால் விமானம் ஓட்டினாள். முதலில் வயல்களுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளிக்கும் சின்ன விமானம். பிறகு அரசாங்க விமானக் கம்பெனியில் துணை விமானி. தலைமை விமானியின் இருக்கை மட்டும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். ஒரு நாள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு விமானக் கம்பெனி தொடங்கினாள். பழைய விமானங்கள் இரண்டு. இறக்கைக்கு ஒன்றாக விசிறி வைத்தவை. தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. மழைக்காலத்தில் சாலை அறுந்துபோகும் மலை ஊர் ஒன்றுக்குப் போய்வருவதுதான் வேலை. அந்த ஊருக்கு அரசாங்க விமானமும் உண்டு. அது தனக்குத் தோன்றினால் வரும்.

சம்மட்டி அப்போது ரோட்டோரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். தங்கை வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"எஞ்சினுக்கு ஆள் இருக்காங்கண்ணே. தரையில எனக்கு ஒரு ஆள் வேணும். டயர், பிரேக், இழுவை வண்டி, மூட்டை, எல்லாத்தையும் பாத்துக்கணும். வர்றியா?"

"வர்றேன் பாப்பா."

"கைய வீட்டுல வச்சுட்டு வரணும்."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "அத நான் பாத்துக்கறேன் விடு. தெனம் கழட்டி வாங்கி அலமாரில பூட்டிட்டுத்தான் அனுப்புவேன்."

சட்டம் விசித்திரமாக இருந்தது. நாட்டில் ஒழுங்காக விமானம் விட உரிமை பெற்றது அரசாங்கக் கம்பெனி ஒன்றுதான். மற்றவர்கள் 'வாடகை விமானம்' என்ற பெயரில் ஓட்டலாம். தனித்தனியாக டிக்கெட் விற்கக் கூடாது. மொத்த விமானத்தையும் ஒரு கூட்டத்தாருக்கு வாடகைக்கு விட வேண்டும். கால அட்டவணை கூடாது. விளம்பரம் கூடாது. இந்த அனுமதியைக்கூட மாதா மாதம் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் ஏறுவதற்கு முன் பயணிகளை நிழலில் நிறுத்திச் சம்மட்டி சத்தமாகச் சொல்வான்: "எல்லாரும் கேட்டுக்குங்க. யாராவது விசாரிச்சா நீங்க எல்லாம் ஒரே குடும்பம், சொந்தக்காரங்க."

ஒரு தடவை வயசாளி ஒருவர் முறுக்கிக்கொண்டார். "இந்தாளா எனக்குச் சொந்தம்? இவனுக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறுல கோர்ட்டுல கேஸு நடக்குதுய்யா."

"அப்ப நெருங்கின சொந்தந்தான். ஏறுங்க, ஏறுங்க."

தினமும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அதுவும் கால அட்டவணைதான் என்று உரிமத் துறை விளக்கம் கேட்டது. அன்றிலிருந்து தங்கை வேண்டுமென்றே சில நாள் முந்தியும் பல நாள் பிந்தியும் கிளம்பினாள். "சட்டத்துக்குப் பயந்து லேட்டாப் போற கம்பெனி உலகத்துலயே நம்மளுதுதான்" என்று பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் சிரித்தார்கள். விமானம் நிரம்பிக்கொண்டே இருந்தது. வம்பு அங்கேதான் தொடங்கியது.

உரிமத் துறையின் இயக்குநருக்குக் கொட்டகையில் வைத்த பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். குரல் உயர்ந்ததே இல்லை. அவர் மேசைமேல் இருந்த விசிறி அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்பவர்கள் வேர்த்து வழிந்துகொண்டிருப்பார்கள். நிரந்தர லைசென்ஸ் கேட்டுத் தங்கை போனபோது சம்மட்டியும் துணைக்குப் போய்க் கதவோரம் நின்றான்.

"நிரந்தர லைசென்ஸ்னா மூணு விமானம் வேணுமேம்மா."

"மூணாவது கொண்டுவர அனுமதி குடுங்க சார்."

"நிரந்தர லைசென்ஸ் இருக்கறவங்களுக்குத்தான் விமானம் கொண்டுவர அனுமதி."

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"அப்புறம் பாக்கலாம்."

படியிறங்கும்போது சம்மட்டி சுவரில் ஒரு குத்து விட்டான். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சுவத்துக்கு லைசென்ஸ் குடுக்கற அதிகாரம் இல்லண்ணே" என்றாள்.

எரிபொருள் வண்டிகள் அரசாங்கக் கம்பெனியின் கையில் இருந்தன. முதலில் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு காலை, இரண்டாவது விமானத்தின் டயர்கள் கத்தியால் கிழிக்கப்பட்டுக் கிடந்தன. அடுத்து, எரிபொருள் வடிகட்டியில் மணல் வந்தது. மேலே போய் எஞ்சின் நின்றிருந்தால் தங்கையும் போயிருப்பாள், உள்ளே இருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போயிருப்பார்கள். சம்மட்டி அரசாங்கக் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்குக்கு நடந்தான்.

"யார்டா மணலப் போட்டது?"

நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் எண்ணெய்க் குழாயின் பித்தளை மூக்கால் அவன் தலையில் போட்டான். நெற்றிக்கு மேலே பிளந்து ரத்தம் இரண்டு கண்களிலும் இறங்கியது. இன்னொருவன் முழங்கால் மூட்டில் உதைத்தான். சம்மட்டி தரையில் உட்கார்ந்தான். கைகள் இரண்டையும் அக்குளில் கொடுத்து இறுக்கிக்கொண்டான். விலாவில், முதுகில், கழுத்தில் உதை விழுந்தது.

"அடிங்கடா. அடிச்சு முடிச்சிட்டு எண்ணெயப் போடுங்க. அங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

திருப்பி அடிக்காதவனை எவ்வளவு நேரம்தான் அடிப்பது? அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. அடித்தவர்களில் ஒருவனே கடைசியில் வண்டியை ஓட்டிவந்து எண்ணெய் ஊற்றினான். விமானம் போயிற்று, சட்டப்படி லேட்டாக.

தையல் போட்ட தலையோடு அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு கை வீட்டுலதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

அந்த மாத அனுமதி வரவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. தங்கை நீதிமன்றத்துக்குப் போனாள். காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது என்று நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். "பறங்கம்மா, ஒண்ணும் பண்ண முடியாது. நகல நானே கையில எடுத்துட்டு வர்றேன்" என்று வக்கீல் தொலைபேசியில் சொன்னார். தங்கை பயணிகளை ஏற்றிக்கொண்டு இடது எஞ்சினைக் கிளப்பினாள். உச்சி வெயில். தரையிலிருந்து அனல் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது.

மூன்று ஜீப்புகள் குறுக்கே வந்து நின்றன. துப்பாக்கி வைத்த காவலர்கள் குதித்தார்கள். 'அப்புறம்' தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவர் கையைக் காட்டியதும், கனத்த சங்கிலியைத் தோளில் போட்டிருந்த ஓர் ஆள் முன்சக்கரத்தை நோக்கி ஓடினான். துறைக்குக் கூலிக்குப் பூட்டுப் போடுகிறவன் அவன். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறான். ஓடுகிற விமானத்தை அவன் பக்கத்தில் பார்த்ததில்லை. சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. நேராக அதை நோக்கிப் போனான்.

சம்மட்டிதான் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். தங்கை பதறிப்போய் எஞ்சினை நிறுத்தினாள்.

"சாவறதுக்கா வந்த?" என்று சம்மட்டி கத்தினான். பூட்டுக்காரன் தட்டுத்தடுமாறி எழுந்தான். தான் வந்த வேலை நினைவுக்கு வர, குனிந்து முன்சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றத் தொடங்கினான்.

விமானத்தின் கதவில் தங்கை நின்றாள். "கோர்ட்டு தடை குடுத்திருக்கு."

"நகல் எங்க?" என்றார் இயக்குநர்.

"வந்துட்டிருக்கு."

"வரட்டும், அப்புறம் பாக்கலாம். எறக்குங்க அந்தம்மாவ."

ஒரு காவலன் படியேறி அவள் பின்னலைப் பிடித்துச் சுண்டி இழுத்தான். அவள் முகம் குப்புற வந்தாள். தாடை இரும்புப் படியின் விளிம்பில் மோதிய சத்தம் கொட்டகைவரை கேட்டது. வாயெல்லாம் ரத்தம். உதடு கிழிந்து தொங்கியது. தடுக்க வந்த பெரியவர் ஒருவரின் நெஞ்சில் துப்பாக்கிக் கட்டை இறங்கியது. உள்ளே குழந்தைகள் வீறிட்டன. காவலன் பின்னலை விடாமல் அவளைச் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போனான்.

முன்சக்கரத்தில் மாட்டி விமானத்தை இழுக்கிற இரும்புத் தண்டு பக்கத்திலேயே கிடந்தது. இரண்டு ஆட்கள் தூக்குகிற தண்டு. சம்மட்டி அதை ஒற்றை ஆளாகத் தூக்கினான்.

முதல் வீச்சில் ஜீப்பின் கண்ணாடி உள்ளே நொறுங்கியது. பின்னலைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினான். இயக்குநர் இன்னொரு ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் கேட்டுப் பூட்டுக்காரன் சக்கரத்தடியிலிருந்து எழுந்து நின்றான். சங்கிலி இன்னும் கையில் இருந்தது.

தண்டு முதலில் அவன் தோளில் விழுந்தது. பச்சைக் கிளை முறிகிற சத்தம். இரண்டாவது வீச்சு தலையின் பக்கவாட்டில். மடங்கி விழுந்தான். காதிலிருந்து வந்த ரத்தம் சூடான சிமெண்டில் பரவி, ஓரங்களில் உடனே காயத் தொடங்கியது.

பிறகு காவலர்கள் சம்மட்டியின் மேல் விழுந்தார்கள். கட்டைகள் அவன் விலாவை உடைத்தன, கடைவாய்ப் பற்களை உடைத்தன. "எந்தக் கைடா?" என்று ஒருவன் கேட்டான். வலது கையைப் பிடித்து இழுத்து விமானத்தின் படிமேல் விரித்து வைத்தார்கள். துப்பாக்கிக் கட்டை அதன்மேல் இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உடையும்வரை இறங்கிக்கொண்டே இருந்தது.

வக்கீல் நகலோடு வந்து சேர்ந்தபோது சம்மட்டியையும் பூட்டுக்காரனையும் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பூட்டுக்காரனின் மனைவியும் சம்மட்டியின் மனைவியும் எதிரெதிரே வந்தார்கள். பூட்டுக்காரன் மனைவி ஓங்கி அறைந்தாள். இவளும் விடவில்லை. இரண்டு பேரும் முடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். நர்ஸ் ஒருத்தி பக்கெட் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் பிரிந்தார்கள். நனைந்த உடம்போடு சுவரில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"எம் புருஷன் என்னடி பண்ணான்?" என்று அவள் கேட்டாள்.

"பூட்டுப் போட வந்தாரு."

"அது அவரு பொழப்பு."

"தெரியும்" என்றாள் சம்மட்டியின் மனைவி.

பூட்டுக்காரன் பிழைத்தான். வலது கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது. பேச்சு குழறியது. விமானக் கம்பெனி பிழைக்கவில்லை. 'பாதுகாப்புக்கு ஆபத்து' என்று துறை மனுப்போட்டது. அதே நீதிபதி தடையை விலக்கிக்கொண்டார். இரண்டு விமானங்களும் ஓடுபாதை ஓரத்துப் புல்லில் நின்று மழையில் நனைந்தன. பிறகு ஏலம் எடுத்தவர்கள் கோடாரியோடும் இரும்பை வெட்டும் கேஸ் நெருப்போடும் வந்தார்கள். லாரியில் ஏற்ற வசதியாக இறக்கைகளைப் பிளந்து தள்ளினார்கள். தங்கை வேலிக்கு வெளியே நின்று கடைசி லாரி போகும்வரை பார்த்தாள்.

சம்மட்டிக்குச் சில வருஷம் சிறை விழுந்தது. அங்கே அவள் ஒரே ஒரு தடவைதான் வந்தாள். தாடையில் தையல் தழும்பு வளைந்து கிடந்தது.

"அவங்ககிட்ட ஒரு காரணம்கூட இல்லண்ணே. தேடித் தேடிப் பாத்தும் கிடைக்கல. நீ போய்க் கையில குடுத்துட்ட" என்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

அவனை அதைவிட வலிக்க யாரும் அடித்ததில்லை. உள்ளே முயற்சி செய்தவர்கள் உண்டு. சிறையின் தாதா ஒருவன் தன் எதிரியை அடிக்கச் சொல்லிச் சம்மட்டியைக் கேட்டான். மாட்டேன் என்றதற்கு, தீட்டிக் கூராக்கிய கரண்டிக் காம்பு அவன் இடுப்புக்கு மேலே ஏறியது. குடலைத் தொடாமல் போனதால் உயிர் தங்கியது.

விடுதலையான அன்று வாசலில் மனைவி நின்றாள். பின்னால் வேனில் தங்கை உட்கார்ந்திருந்தாள். "ஏறு" என்றாள், அவ்வளவுதான். ஊர் எல்லை தாண்டிய பிறகே அடுத்த வார்த்தை வந்தது.

"மேல்கோர்ட்டுல ஜெயிச்சாச்சு. லைசென்ஸ் வந்துடுச்சு."

"நெசமாவா பாப்பா?"

"நிரந்தர லைசென்ஸு. விமானந்தான் இல்ல."

இதற்குள் சட்டம் தளர்ந்திருந்தது. பெரிய பெரிய முதலாளிகள் விமானம் விட்டார்கள். 'அப்புறம்' ஓய்வு பெற்று அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் ஆலோசகராக உட்கார்ந்திருந்தார். தங்கை பழையபடி மருந்து தெளிக்கும் விமானத்துக்குத் திரும்பியிருந்தாள். சம்மட்டி அவளோடு வயல்வெளி ஓடுதளத்தில் மருந்து கலக்கி ஊற்றினான். வலது கை மூடவில்லை. எல்லாம் இடது கையால்தான்.

பூட்டுக்காரன் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று மனைவி தடுத்தாள். அவள் மட்டும் அவ்வப்போது அங்கே போய்வந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு பெண்களும் தாழ்வாரத்தில் ஆரம்பித்த பேச்சை நிறுத்தவே இல்லை. கேளாமல் அவன் போனான். ஒற்றை அறை. பூட்டுக்காரன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். வந்தது யார் என்று பார்த்ததும் நல்ல கையால் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கி நான் சங்கிலிய ஓங்கல" என்றான். வார்த்தைகள் இழுத்துக்கொண்டு வந்தன.

"தெரியும்."

"அப்பறம் ஏன் அடிச்ச? விசிறிலேர்ந்து இழுத்தவனும் நீதானே?"

சம்மட்டி தரையையே பார்த்தான். "கைக்கு எட்டுன தூரத்துல நீதான் இருந்த."

பூட்டுக்காரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போ. இனிமே வராத" என்றான்.

மறுநாள் காலை, மருந்துப் பீப்பாயைத் திறந்துகொண்டே சம்மட்டி அதைத் தங்கையிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "உனக்காகத்தான் பாப்பா அடிச்சேன்" என்றான்.

அவள் கன்னத்தில் அறைந்தாள். அவன் நிமிர்வதற்குள் மறுபடியும் அறைந்தாள். பிறகு முஷ்டியால் நெஞ்சில், தோளில், வாயில். சின்ன வயதிலிருந்து பல்லுக்குள் வைத்துக் கடித்திருந்ததெல்லாம் கை வழியே வந்தது. அவன் பின்வாங்கவில்லை. பீப்பாய் உருண்டு மருந்து புல்லில் கொட்டியது.

"எனக்காகவா? நான் கேட்டனா? பல்லு போனா கட்டிக்கலாம்ணே! உதட்டத் தச்சுக்கலாம்! நான் எந்திரிச்சு நின்னிருப்பேன், சாயங்காலம் பறந்திருப்பேன்! எனக்காகன்னு இனிமே ஒரு தரம் சொன்ன, கொன்னுடுவேன்!"

"சொல்லல."

"அப்பாவ அடிச்சப்ப வேணா எனக்காகன்னு சொல்லு. அன்னிக்கு மட்டும் சொல்லு."

அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கைமுட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு இடது கையால் பீப்பாயை நிமிர்த்தினான். பாதிக்கு மேல் போயிருந்தது.

"இன்னொன்னு எடுத்துட்டு வா" என்றாள் அவள், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. "காத்து திரும்பறதுக்குள்ள வடக்குப் பக்கத்த முடிச்சிடலாம்."

அவன் கொட்டகைக்குப் போய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான்.